கன்னியிடம் ஒரே ஒரு தடவை

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்து கோணலாகத்தான் வரும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். வருஷம், கிழமை எல்லாம் மறந்துபோகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் வீட்டுக் கன்னி மூலையில் உறியில் தொங்கிய ஓலைப்பெட்டி மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. அதற்குள் ஒரு பாவாடை, ஒரு சட்டை, சிவப்பு ரிப்பன், கண்ணாடி வளையல், சின்னச் சீப்பு, ஒரு பவுடர் டப்பா. எல்லாம் புதிது. எல்லாம் செத்துப்போன ஒரு பிள்ளைக்கு.

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் இறந்த பெண்பிள்ளையைக் கன்னி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். எங்கள் கன்னி அப்பாவின் தங்கை. ஒன்பது வயதில் காய்ச்சல் கண்டு, அப்பா தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த வழியிலேயே அவர் தோளிலேயே அடங்கிவிட்டாளாம். அதை அப்பா ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு அவளைத் "தாயி" என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு தை மாதமும் பெட்டியில் புதுத்துணி வைப்பார். பழைய வருஷத்துத் துணியை வீட்டுப் பெண்பிள்ளை உடுத்த வேண்டும். அந்தப் பெண்பிள்ளை நான். எனக்கென்று கடையில் துணி எடுத்ததாக ஞாபகமே இல்லை. கன்னி உடுத்தியதைத்தான் உடுத்தினேன்.

அப்பா அவளிடம் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார். ஆடு வாங்கக் கேட்பார், கூரை மாற்றக் கேட்பார். உப்பளத்தை விட்டுவிட்டுப் புதுத்துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகலாமா என்றும் கேட்டார். கேட்கிற விதம் இதுதான்: வெள்ளிக்கிழமை காலையில் அம்மா ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் வைத்து மடித்து, வாழைநாரால் கட்டி, இரண்டையும் குலுக்கிப் பெட்டிக்குக் கீழே போடுவாள். வயதுக்கு வராத பெண்பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்கிற கையும் என் கைதான். துறைமுகத்துக்கு வெள்ளை எடுத்துக் கொடுத்தவள் நான். அப்பா அன்றைக்கு என்னைத் தூக்கிச் சுற்றினார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்குப் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். டீச்சர் வீட்டுக்கே வந்து, "அண்ணாச்சி, பிள்ளை நல்லாப் படிக்கா, நிப்பாட்டிராதீக" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கும் ஆசைதான். இதை நான் அழுத்தி எழுத வேண்டும், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாரும் அப்பாதான் வேண்டாம் என்றிருப்பார் என்று நினைக்கிறார்கள். அவர் நீலப் பாவாடைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் துணி எடுத்துத் தைக்கவே கொடுத்துவிட்டார். "தாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம், அவ்வளவுதான்" என்றார்.

அதுவரைக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு முதலில் படுவதை எடுப்பேன். ஆனால் எடுத்து எடுத்துப் பழகியதில் என் விரலுக்கு ஒரு சங்கதி தெரிந்திருந்தது. அம்மா சிவப்புக்கு வைப்பது செவ்வரளி, அதன் காம்பு வெற்றிலைக்குள் விறைப்பாக நிற்கும். வெள்ளைக்கு நந்தியாவட்டை, அது மெத்தென்று இருக்கும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, தெரிந்தே, இரண்டையும் தடவிப் பார்த்தேன். எது ரொம்ப மெத்தென்று இருந்ததோ அதை எடுத்து அப்பா கையில் வைத்தேன்.

அப்பா நாரை அவிழ்த்தார். சிவப்பு.

அவர் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்கு வரவில்லை. பூவை வெற்றிலையோடு கீழே வைத்தார். பிறகு, "சரி தாயி, நீ சொல்லுறதுதான்" என்று பெட்டியைக் கும்பிட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நான் கீழே கிடந்ததைப் பார்த்தேன். அது அரளி இல்லை, மெத்தென்ற செம்பருத்தி.

"ஏளா, அரளி ஒண்ணுகூடப் பூக்கலயே, அதான் செம்பருத்தியப் பறிச்சேன். ஏன் கேக்க?" என்றாள் அம்மா. நான் ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லை என்றேனே, அதுதான் என் ஆத்திரம். பிள்ளை தடவிப் பார்த்தாலோ எட்டிப் பார்த்தாலோ அந்தப் பூ செல்லாது, குளித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். எங்கள் வீட்டிலேயே ஒரு தடவை அப்படி நடந்திருக்கிறது, எனக்கு முன்னால் பூ எடுத்துவந்த சித்தப்பா மகள் மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டாள் என்று எல்லாவற்றையும் தூர எறிந்துவிட்டு அப்பா மறுபடி கேட்டார். "அப்பா, நான் தடவிப் பார்த்துட்டேன்" என்று சொன்னால் போதும். நான்கு வார்த்தை. ஒரு வாரம் வாயில் வைத்துக்கொண்டே இருந்தேன். பேசக் கூச்சம், அப்பாவைப் பார்க்கப் பயம். கன்னி என் களவைக் கண்டுபிடித்துத்தான் பூவை மாற்றிவிட்டாள் என்று அதைவிடப் பயம். பள்ளிக்கூடம் திறந்து, பஸ்ஸும் என் வயதுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருத்தி உண்டு, கடற்கரையில் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வீட்டு ஆள். விஷயம் தெரிந்ததும் கூடையை இறக்கி வைத்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "நாங்களுந்தான் செத்தவங்க கல்லறைக்குப் பூப் போட்டு மெழுகுதிரி ஏத்துதோம். மன்றாடுவோம், அழுவோம். பஸ் ஏறட்டுமான்னு கேக்க மாட்டோம். ஒம்பது வயசுப் பிள்ள, பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவ, அவகிட்டப் போயி ஆறாங்கிளாசப் பத்திக் கேட்டா அவ என்னத்தச் சொல்லுவா?" அம்மா சிரித்துவிட்டாள். "மெதுவாப் பேசு, அவ காதுல விழுந்திரப் போவுது" என்று பெட்டியைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த தையில் அப்பா கடைக்குப் போகவில்லை. எனக்குத் தைத்த நீலப் பாவாடையையும் வெள்ளைச் சட்டையையும் கன்னி பெட்டியில் வைத்தார். "அவளும் பள்ளிக்கூடம் பாத்ததில்ல" என்றார். எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. அதற்கடுத்த தையில், வழக்கப்படி, அது எனக்கே வந்தது. கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அம்மா மடிப்பைப் பிரித்து இறக்கித் தந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பாவாடையைக் கட்டிக்கொண்டுதான் நான் உப்பளத்துக்கு உப்பு அள்ளப் போனேன். உப்புப் பட்டுப் பட்டு ஒரே வருஷத்தில் நைந்துவிட்டது.

அப்பா போய் வெகு காலமாகிறது. தை அமாவாசைக்குத் தம்பி கடலில் முங்கி அவருக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறான். நான் கரையில் நின்று, ஏன் அப்பா, இன்னொரு தடவை கேட்டால் என்ன என்று மனசுக்குள் கேட்கிறேன். நான் தடவிப் பார்த்ததையும் அப்போதுதான் சொல்கிறேன். உயிரோடு இருந்தவரிடம் சொல்லாததைச் செத்தவரிடம் சொல்லி என்ன பலன்?

போன வருஷம் ஆத்தூரில் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கும் கன்னி உண்டு. அவர்கள் வீட்டுப் பேத்திக்கு வரன் வந்ததென்று பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்பு வந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர்களோ சாதாரணமாக மறுபடியும் கட்டிப் போட்டார்கள், அதற்குப் பிறகும் ஒரு தடவை. "மூணு தடவ கேக்கணும்லா மதினி, ரெண்டு எது வருதோ அதுதான் கணக்கு" என்றாள் சம்பந்தி. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தடவை கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் என் ஞாபகத்தை நம்ப முடியாது. தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளத்தை ஒட்டிய ஊர்களில், கன்னி கும்பிடுகிற பழைய ஆட்கள் யாராவது இருந்தால், எத்தனை தடவை கேட்பது வழக்கம் என்று விசாரித்துச் சொல்லுங்கள். ஒரு தடவைதான் என்றால் அப்பா மேல் எனக்கு மனக்குறை இல்லை. மூன்று தடவை என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.