பௌர்ணமியும் திறக்காத கேரியரும்

பொழுது சாய்ந்த பிறகு விருசபதாசன் வாயில் ஒரு பருக்கை வைக்கமாட்டார். சமண வீட்டு வழக்கம். மற்ற நாட்களில் அது பெரிய விஷயமில்லை. பௌர்ணமியன்றுதான் வம்பு. தேரடி வீதிக்குப் பின்னால் உள்ள லாட்ஜின் மேனேஜர் அவர். கிரிவலக் கூட்டம் கவுன்டரை மொய்க்க, மனைவி ஜெயமதி கட்டிக் கொடுத்த கேரியர் திறக்கப்படாமலே வீடு திரும்பும்.

"அடுத்த தடவையும் அப்படியே வந்துச்சுன்னா, நானே வந்து கவுன்டர்ல குந்திக்குவேன்" என்றாள் அவள். செய்யக்கூடியவள்தான்.

அறை கொடுக்கும் புரோகிராமை வீடியோ பார்த்து அவரே எழுதியிருந்தார், அந்தப் பெருமை வேறு. ஆள் வந்ததும், அறையைச் சுத்தம் செய்யச் சொல்லி, துப்புரவு வேலை பார்க்கும் எல்லம்மாளின் செல்லுக்குச் செய்தி போகும். அவள் 'முடிந்தது' என்று அமுக்கும்வரை கம்ப்யூட்டர் வாயடைத்து நிற்கும். அடுத்தவர் பெயரைக்கூடப் பதிய முடியாது. வரிசை வாசல்வரை நீளும்.

'ஏசிங்க்' என்றொரு சங்கதி இருப்பதை மனிதர் ஒருநாள் கண்டுபிடித்தார். வேலையை அனுப்பிவிட்டு, அது முடிவதற்குள் அடுத்தவரைக் கவனிக்கலாமாம். அன்றே அதைச் சேர்த்தார். மறுநாள் கம்ப்யூட்டர் பறந்தது. ஐதராபாத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு அரை நிமிடத்தில் பன்னிரண்டாம் எண் சாவி!

அடுத்த நிமிடம் எல்லம்மாள் ஈரத் துடைப்பத்தோடு கீழே இறங்கி வந்தாள்.

"இன்னா சார், நான் தரய தொடச்சு கூட முடிக்கல, அதுக்குள்ள ஆள அனுப்பிட்டீங்க? அந்தம்மா வழுக்கி உழ பாத்துச்சு. வேலய சொல்லிட்டு நீங்க அடுத்த ஆள பாருங்க, வாணாங்கல. சாவிய மட்டும் நான் முடிச்சேன்னு சொன்னப்புறம் குடுங்க."

விருசபதாசனுக்கு வெட்கமாகிவிட்டது. வீடியோவில் நாலு தடவை கேட்டும் ஏறாத 'அவெய்ட்', அதாவது 'பதில் வரும்வரை காத்திரு', இப்போது ஏறியது. சுத்தம் செய்யச் சொல்லும் வரிக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைப் போட்டார். இனி எல்லம்மாளின் பதிலுக்காக அந்த ஒரு சாவி மட்டும் காத்திருக்கும், கவுன்டர் காத்திருக்காது.

அடுத்த பௌர்ணமி. ஐந்தரை மணிக்கெல்லாம் எல்லாருடைய பெயரும் பதிவாகி, ஆட்கள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். அறை தயாரானதும் கம்ப்யூட்டரே பெயர் காட்டியது. அவர் கவுன்டருக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து, வெயில் இருக்கும்போதே சப்பாத்தியைச் சுரைக்காய்க் கூட்டில் தோய்த்துத் தின்றார். அத்தனை சந்தோஷம் அவருக்கு.

வீட்டில் ஜெயமதி கேரியரைத் திறந்தாள். மூன்று தட்டும் காலி. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உண்மைய சொல்லுங்க, யாருக்கு குடுத்தீங்க?"