விழாத எலிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில், புதுச்சேரியில், பயத்தைப் போக்கும் மருந்து ஒன்றை நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். பயந்துகொண்டேதான் ஆராய்ந்தேன். மருந்தியலில் மேற்படிப்பு. ஆய்வேடு கொடுக்கக் கெடு நெருங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கால் என்னைக் கேட்காமலே ஆடத் தொடங்கிவிடும்.

மருந்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஏதோ ஒரு கம்பெனி அனுப்பிய வெள்ளைப் பொடி. லாரி நம்பர் மாதிரி எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளம், அவ்வளவுதான். மூளைக்குள்ளேயே ஒரு பிரேக் இருக்கிறது. இந்த வகை மருந்துகள் அதைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தும். ரொம்ப அழுத்தினால் பயத்தோடு சேர்ந்து ஆளும் சாய்ந்துவிடுவான். தூங்கவைக்கும் மருந்துகள் ஏற்கெனவே ஏராளம். தூங்கவைக்காமல் பயத்தை மட்டும் எடுப்பதுதான் அபூர்வம். பொடி அப்படிப்பட்டதென்றால் நான் விஞ்ஞானி. இல்லையென்றால், இன்னொரு தூக்க மருந்தைப் பற்றி எழுதிய இன்னொருவன்.

இதை எலியிடம் இரண்டு விதமாகக் கேட்போம். பாதி இருட்டும் பாதி வெளிச்சமுமான பெட்டியில் விட்டால், பயம் தெளிந்த எலி வெளிச்சத்துக்கு வரும். பிறகு, சுழலும் உருளை மேல் ஏற்றுவோம். தூக்கக் கலக்கம் இருந்தால் கால் நழுவி விழும். பெட்டியில் எங்கள் எலிகள் கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவர்கள் மாதிரி உலாவின. பாக்கி உருளைதான். அது அந்த வருஷம் வந்த புதுச் சாமான்.

"விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிங்க" என்றார் பேராசிரியர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், எதற்கும் ஆதாரம் கேட்பவர். நல்ல நாளுக்கு மட்டும் கேட்கமாட்டார்.

முந்தின நாள் ஆயுதபூஜை. எலிகளைப் பார்த்துக்கொண்ட ஊழியர் முதலியார்பேட்டைக்காரர், மில்லில் வேலை செய்துவிட்டு வந்தவர். மெஷின் என்றால் பொட்டு வைத்தே பழக்கம். தராசு, மைக்ராஸ்கோப் என்று வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டே போனார்.

"உருளைக்கு நல்லா பூசுங்க. நாளைக்கு அதுதான் வேலை செய்யணும்" என்றார் பேராசிரியர்.

மறுநாள் ஊசி போட்டு எலிகளை ஏற்றினோம். விழவில்லை. அளவைக் கூட்டினோம். கண் பாதி செருகிய நிலையிலும் உருளையைப் பற்றிக்கொண்டு நடந்தன.

"த்ரே பியேன்!" என்றார் பேராசிரியர். ரொம்ப நல்லது என்று அர்த்தம். உடனே மாநாட்டுக்குக் கட்டுரை எழுத அறைக்குப் போய்விட்டார்.

"சரஸ்வதி கைவிடல சார்" என்றார் ஊழியர். "இன்னும் ஏன் சார் கால ஆட்டிக்கினே இருக்கீங்க? ஊசியில மிச்சம் இருக்கு, போட்டுறவா?"

"எனக்கு என்ன அளவுன்னு இன்னும் யாரும் கண்டுபிடிக்கலய்யா."

சந்தோஷத்திலும் என்னால் உட்கார முடியவில்லை. உருளைப் பக்கத்தில் நின்று அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். காய்ந்த சந்தனம் பொருக்காக வந்தது. கீழே உருளை வழவழவென்று இருந்தது. சந்தனம் இருந்த இடமோ உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அதில் நானே தூங்கிக்கொண்டு நடக்கலாம்.

"சாமிக்கு வெச்சதப் போய் சுரண்டுறீங்களே சார்!"

வராந்தாவுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். அந்தச் சந்தனம் என்னையும் சேர்த்துத்தானே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது? ஆனால் நாளைக்கு இந்த மருந்தை விழுங்கிவிட்டு ஒருவன் கடலூர் ரோட்டில் லாரி ஓட்டுவான். அவன் ஸ்டியரிங்கில் யார் சந்தனம் பூசுவது? பேராசிரியரைக் கூட்டிவந்தேன்.

அவர் உருளையைத் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார். "ஸ்பிரிட் எங்க?" என்றார்.

"நான் தொடமாட்டேன் சார், பாவம்" என்று ஊழியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பேராசிரியரே பஞ்சை நனைத்து, மஞ்சள் நிறம் போகும்வரை துடைத்தார்.

அடுத்த நாள், ஊசி போடாத எலி வெறும் உருளையிலும் விழாமல் நடந்தது. புது எலி ஒன்றுக்கு ஊசி போட்டு ஏற்றினோம். ஒரு சுற்றுகூட முழுசாக வரவில்லை, பொத்தென்று கீழே தட்டில் விழுந்தது. எழுந்திருக்கலாமா என்று யோசித்தது. வேண்டாமென்று அங்கேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

பேராசிரியர் குனிந்து அதைப் பார்த்தார்.

"கட்டுரைய நான் கிழிச்சிடறேன்" என்றார். "நீங்க ஆய்வேட்டுத் தலைப்ப மாத்திடுங்க."

மாற்றினேன். எலி தூங்கிக்கொண்டிருந்தது.