கட்டைவிரல் பட்ட ப்ரூஃப் காசு

போன வியாழக்கிழமை மத்தியானம் ஜாபர் பாய் என் வீட்டுக்கு வந்தார். ராயபுரத்தில் படகுகளுக்குக் கயிறும் நங்கூரச் சங்கிலியும் விற்கிற கடை வைத்திருப்பவர். கையில் ஒரு நீல வெல்வெட் பெட்டி. முகத்தில் கவலை.

"ரைட்டரே, நீதான் காசு பத்தி பேப்பர்ல எழுதிகினு கீறியே. இது அசலா டூப்பான்னு பாத்துச் சொல்லு."

பெட்டிக்குள் நூறு ரூபாய் நினைவு நாணயம். ப்ரூஃப் வகை — புழக்கத்துக்கு இல்லை, சேகரிப்பவர்களுக்காக அரசு மின்ட், அதாவது நாணயச்சாலை, தனியாக அடிப்பது. பின்னணி கண்ணாடி மாதிரி மின்னும். மேலெழும்பிய உருவம் மட்டும் பாலாடை போல வெளுத்திருக்கும். விரல் படாமலிருக்க பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடி வரும்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பாயின் மகள் நசீமாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா திருவொற்றியூர்க்காரர். துறைமுகத்தில் காலமெல்லாம் சரக்குப் பெட்டிகளைத் திறந்து சரிபார்த்து ரிடையர் ஆனவர். இப்போது காசு சேர்க்கிற பைத்தியம். அவரைக் குஷிப்படுத்தலாம் என்று பாய் இதை ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கிவிட்டார். வாங்கின பிறகுதான் பயம் வந்திருக்கிறது.

"டூப்ப குடுத்துட்டேன்னு வெய்யி... அவரு கண்டுபுடிச்சா இன்னா ஆவும்? பொண்ணு வூட்டுக்காரன் பிராடுன்னு பேராயிடும் மாமு. எனக்கு இன்னா, நசீமாவுக்குத்தான பேஜாரு."

நியாயமான பயம்தான். பெட்டி, சான்றிதழ் அட்டை சகிதம் வருகிற போலிகளும் இப்போது உண்டு.

ஒருத்தர் என்னை நிபுணர் என்று நம்பி வந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்குமா? கூட்டைத் திறந்தேன். என்னிடமிருக்கும் குட்டித் தராசில் வைத்தேன் — முப்பத்தைந்து கிராம், சரி. காந்தம் ஒட்டவில்லை. விட்டமும் சரி. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தினேனா? விளிம்பில் இருநூறு பற்கள் இருக்க வேண்டும் என்பது அரசுக் கணக்கு. லென்ஸை வைத்து எண்ண ஆரம்பித்தேன். முதல் தடவை நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இரண்டாவது தடவை இருநூற்று மூன்று. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பாயின் முகம் ஏறி ஏறி இறங்கியது. மூன்றாவது தடவை நூற்றைம்பதைத் தாண்டும்போது தெருமுனையில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது... வியர்த்த கையிலிருந்து காசு வழுக்கியது. கீழே விழாமல் பிடித்துவிட்டேன் — கட்டைவிரல் நேராகக் கண்ணாடிப் பரப்பின் மேல்.

அப்போதாவது சும்மா இருந்தேனா? மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் ஒரு துடை. ரேகை பாதி போனது. பதிலுக்கு முடி போல இரண்டு கீறல் வந்தது. ப்ரூஃப் காசைத் தொடுவது பாவம், துடைப்பது மகாபாவம் என்று இதே பத்தியில் உங்களுக்கு உபதேசம் செய்தவன் நான்தான். பாராட்டிக் கடிதம் போட்டவர்கள் மன்னிக்கவும்.

"காசு அசல்தான் பாய்," என்றேன். "ஆனா..."

பாய் காசையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேறு வாங்கலாமென்றால் மின்ட்டில் புக்கிங் எப்போதோ முடிந்துவிட்டது. கீறல் பக்கத்தைக் கீழே திருப்பி வைத்து மூடிவிடலாமே என்று யோசனை வேறு சொன்னேன்.

"அதெல்லாம் வோணாம் ரைட்டரே. நீ ஞாயித்துக்கெயம வந்துடு."

போனேன். ஹாலில் ஆண்கள். உள்ளறையில் நசீமாவும் பெண்களும். பிரியாணி வாசனை தெருவரைக்கும் வந்தது, எனக்குத்தான் பசியே இல்லை. சம்பந்தி பெட்டியைத் திறந்தார். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு லென்ஸ் வெளியே வந்தது — நிச்சயதார்த்தத்துக்கு லென்ஸோடு வருகிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் அதைக் கண்ணில் வைப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"சம்பந்தி, காசு அசலு. ஆனா மேல ரெண்டு கீறல் கீது. அசலான்னு பாக்கச்சொல்லி நான்தான் குடுத்தேன், இவரு தொடச்சிட்டாரு. உங்ககிட்ட மறைக்கக் கூடாதில்ல."

மொத்த ஹாலும் என்னைப் பார்த்தது.

சம்பந்தி லென்ஸை மடக்கி வைத்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"நீங்க இவ்ளோ சொன்னப்புறம் நானும் சொல்லிடறேன் பாய். பையன் பி.இ. முடிச்சிட்டான்னு சொன்னோமில்ல... முடிக்கல. ரெண்டு அரியர் கீது. வேலைக்குப் போய்கினே எழுதறான்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். பாய் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். போச்சு, ஒரு காசைத் துடைக்கப் போய்க் கல்யாணத்தையே துடைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளறையிலிருந்து நசீமாவின் குரல் நிதானமாக வந்தது.

"ரெண்டில்ல மாமா, மூணு. அவர்கிட்ட பரீட்சை நம்பரு வாங்கி நானே ரிசல்ட்டு பாத்தேன். அதுக்கப்புறம்தான் சரின்னு சொன்னேன்."

சம்பந்தி மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். முதலில் சிரித்தது ஜாபர் பாய்தான். அப்புறம் ஹாலே சிரித்தது. பிரியாணி வந்தது, நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பெரிய மனிதர்கள் நாங்களெல்லாம் காசு அசலா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்... பார்க்க வேண்டியதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.