பட்டியலில் நான் போட்ட குறி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். நான்காம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் என் மனைவி வந்து நின்றாள். பதினெட்டு வருடமாக நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் அது. அதற்கு முன் ஒரு நாளும் அவள் அங்கே வந்ததில்லை. காலில் செருப்பில்லை, கை ஈரமாக இருந்தது. எதற்கென்று தெரியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரம் அப்படியே மனதில் நின்றுவிட்டது.

"நீங்க இந்தப் பக்கம் வந்ததும் பாப்பாவுக்கு வயித்தால போவ ஆரம்பிச்சுது. நாலு தடவ ஆயிடுச்சு. இப்ப வாந்தியும் எடுக்கறா. அரிசி களஞ்ச தண்ணி மாதிரி போவுதுங்க."

அரிசி களைந்த தண்ணீர். அந்த மாதம் முழுவதும் அந்த வார்த்தையைத் தெருத்தெருவாகச் சொல்லிவந்தவன் நான்தான். எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் சீமையில், ஒரு திருவிழாவுக்குப் போய் வந்தவர்களோடு காலரா எங்கள் பக்கமும் வந்திருந்தது. பாகலூரைச் சுற்றிய ஊர்களுக்குத் தடுப்பூசி போட ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள். அவர் தெற்கத்திக்காரர், தமிழ் மட்டுமே தெரிந்தவர். எங்கள் ஊரிலோ ஒரு தெருவில் கன்னடம், அடுத்த தெருவில் தெலுங்கு. மூன்றும் பேசத் தெரிந்தவன் என்பதால் பெயர் கூப்பிடுவதும், பயந்தவர்களுக்குச் சமாதானம் சொல்வதும், பட்டியல் எழுதுவதும் என் பொறுப்பாயின. ஊசி போட்டதும் பெயருக்கு நேரே ஒரு குறி போடுவேன். எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லாம் அப்படித்தான் நடந்தது. பேசத் தெரிந்த வாத்தியார் எழுதுவதை யாரும் சரிபார்ப்பதில்லை.

ஊசி போட்ட அன்று ஊர்ச் சாவடியில் ஒரே சிரிப்பு. "வாத்தியாரே, எம் பொண்டாட்டிக்கு நாக்குல போடச் சொல்லுங்க, அங்கதான் விஷம் ஜாஸ்தி" என்றார் ஒருவர். "மொதல்ல உங்க கைக்குப் போடட்டும், அப்பறம் பேசுங்க" என்று அந்த அம்மாள் கன்னடத்தில் திருப்பிக் கொடுத்ததை இன்ஸ்பெக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

நாங்கள் பாப்பா என்று கூப்பிடும் என் மகள் அங்கே வரவில்லை. அவளுக்குப் பதினேழு வயது. இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, தளியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். "ஊசி போட்டா கை வீங்கி, காச்சலோட சுருண்டு கெடப்பா. சீக்காளிப் பொண்ணுன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. அப்பறமா போட்டுக்கலாமுங்க" என்றாள் மனைவி. எனக்கும் அது நியாயமாகத் தோன்றியது. ஒரு ஆள் விட்டுப் போனாலும் இன்ஸ்பெக்டர் மறுபடி வரவேண்டியிருக்கும், வாத்தியார் வீட்டிலேயே இப்படியா என்று ஊரும் கேட்கும். மகளின் பெயருக்கு நேரே குறியைப் போட்டேன். வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். அதற்குப் பிறகு பத்து நாட்கள் ஊசியைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

வாசலில் நின்ற மனைவியோடு வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் மகளின் முகம் வேறாகியிருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. குரல் கம்மி, "அப்பா, தண்ணி" என்றாள். விரல் நுனிகள் நாளெல்லாம் துணி துவைத்தவள் விரல் போல் சுருங்கியிருந்தன.

கீழ்த் தெருவில் இரண்டு பேருக்குக் காலரா கண்டிருந்ததால் ஓசூர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அந்த வாரம் சாவடியிலேயே தங்கியிருந்தார். ஊரில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்து நாடி பார்த்தார், பிறகு பையிலிருந்து நான் எழுதிய ஊசிப் பட்டியலை எடுத்தார்.

"ஊசி போட்டிருக்குதே. அப்ப இது காலராவா இருக்காது வாத்தியாரே. வேற எதுனா தின்னிருப்பா. மருந்து தரன்."

பட்டியலில் நான் போட்ட குறியையே பார்த்தேன்.

"பயப்படாதீங்க. மத்த ஊரு லிஸ்ட்டுன்னா நானே நம்பமாட்டன். உங்க கையெழுத்து, முத்து முத்தா இருக்குது. பொய் சொல்லுமா?" என்று சிரித்தார்.

சாவடிக்குப் போய் அவர் சீட்டு எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் மத்தியானத்துக்கு முன் எங்கள் ஊர் வழியாக ஓசூர் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் அவர் சீட்டுக் கொடுத்தனுப்புவார். யாருக்குக் கண்டிருக்கிறது, ஊசி போட்டதா இல்லையா என்று அதில் இருக்கும். ஓசூரில் இருந்தது ஒரே ஒரு டாக்டர், ஒரு ஜீப், எண்ணி வைத்த சலைன் பாட்டில்கள். ஊசி போடாதவருக்குக் கண்டிருந்தால் அந்த ஊருக்கு ஜீப் முதலில் போகும். ஊசி போட்டவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் மறுநாளைக்குத்தான்.

'ஊசி போடப்பட்டது' என்று அவர் எழுதியதை என் கண்ணால் படித்தேன். சொல்ல வாயெடுத்தேன். கூடவே, பொய்க் கணக்கு எழுதிய வாத்தியாரை வேலையில் வைத்திருப்பார்களா என்ற நினைப்பும் வந்தது. ஒருவேளை மருந்திலேயே நின்றுவிடும், சொல்லவேண்டி வராது என்றும் நினைத்தேன். பஸ் வந்தது. கண்டக்டர் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பஸ் போய்விட்டது. இதை எழுதும்போதும் அந்தப் புழுதி எனக்கு மூச்சை அடைக்கிறது.

வீட்டுக்குத் திரும்பினால், கொடுத்த மருந்து அப்படியே வாந்தியாகிப் பாயில் கிடந்தது. மனைவி மகளின் கெண்டைக்காலைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தாள். தசை முடிச்சாகச் சுருண்டு இழுத்தது. "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் வாந்தியைத் துடைக்கக் குனிந்தேன். "இன்னும் சொல்லலியா? அட பாவி மனுசா!" என்றாள். இருபது வருடத்தில் என்னை அவள் அப்படி அழைத்ததில்லை.

சாவடிக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை.

"பாய், எம் பொண்ணுக்கு ஊசி போடலைங்க."

"குறி இருக்குதே?"

"அது நான் போட்டது."

பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். "பஸ்ஸு போயிடுச்சு சார்" என்றார். அதுவரைக்கும் நான் அவருக்கு வாத்தியார்தான். 'சார்' என்று அன்றுதான் முதன்முதலாகக் கூப்பிட்டார்.

பிறகு அவர் என்னைத் திட்டவில்லை, ஓசூர் போகச் சைக்கிளை எடுத்தார். நான் போகிறேன் என்றேன். "நீங்க போனா நம்புவாங்களா? நான் நேர்ல போய்ச் சொன்னாதான் ஜீப்பத் திருப்புவாங்க. கொதிக்க வெச்ச தண்ணியில கொஞ்சம் உப்பு போட்டுக் குடுத்துக்கிட்டே இருங்க. வாந்தி எடுத்தாலும் குடுங்க. ஸ்பூன்ல, கொஞ்சங் கொஞ்சமா." உச்சி வெயிலில் மேட்டில் ஏறி அவர் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி நேரம். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம், பாதி வெளியே வந்தது. அடுப்பை அணையவிடவில்லை. ஒரு சமயம் மணிக்கட்டில் நாடி எனக்குக் கிடைக்கவில்லை. மனைவியிடம் சொல்லாமல் வேறு இடத்தில் விரலை வைத்தேன். அங்கேயும் கிடைக்கவில்லை. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். கடைசியில் அவள் தண்ணீர் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தபோது தேவலாம் போலிருந்தது.

மூன்றே கால் மணிக்கு ஜீப் வந்தது. முன்னால் டாக்டரம்மா. பின்னால் சைக்கிளையும் ஏற்றிப்போட்டு, பாட்டில்களை மடியில் கட்டிப்பிடித்தபடி பாய். டாக்டரம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. கையில் நரம்பு அகப்படவில்லை என்று கணுக்காலில் சிறிதாகக் கீறி அங்கே ஊசியை ஏற்றினார். கயிறு கட்ட இடமில்லாததால் பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

முதல் பாட்டில் இறங்கி, இரண்டாவதும் பாதியானபோது மகள் கண்ணைத் திறந்து, "அம்மா, காலு வலிக்குது" என்றாள். மனைவி சத்தம் போட்டு அழத் தொடங்கினாள்.

நான் டாக்டரம்மாவிடம், "அம்மா, அந்த லிஸ்ட்டுல நான்..." என்று தொடங்கினேன்.

"பாய் வழியெல்லாம் அதத்தான் சொல்லிட்டு வந்தாரு. அத நாளைக்கு எழுதிக் குடுங்க, இப்ப கைய எறக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "நீங்களும் அதுக்குள்ள சந்தோசப்படாதீங்க. இவ ஒண்ணுக்குப் போவணும். போயிட்டா பொழச்சுக்கிட்டான்னு அர்த்தம். அது வரைக்கும் நான் இந்த வீட்ட விட்டு எந்திரிக்கப் போறதில்ல. எனக்கு ஒரு பாயப் போடுங்க."