பொந்துப் பாலை ஐந்து

நாகேஸ்வரி அக்காவுக்கு நான் நூற்றெழுபத்தைந்து ரூபா கடன்பட்டிருந்தேன். ஐந்து பாலை மரங்களின் காசு அது. அதைக் கடன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்படியிருந்தும் அறுபதாம் ஆண்டில் ஓமந்தையில் எனக்கென்று மரம் வாங்கி விற்கும் ஒரு மரக்காலை, இரண்டு லொறி, பதினாறு வேலையாட்கள். எவரும் தூக்கித் தந்ததில்லை. கோடரி பிடித்த கையால் தேடினேன். பரமலிங்கம் நிற்கிற மரத்தைப் பார்த்தே எத்தனை பலகை வரும் என்று சொல்லிவிடுவான் என்று என்னைப் பற்றி மல்லாவி வரைக்கும் பேச்சிருந்தது. பேச்சு பொய்யும் இல்லை.

நாகேஸ்வரி அக்காவுக்குத் தாய்வழிச் சீதனமாகப் உறுதி எழுதிய சொந்தக் காடு பன்னிரண்டு ஏக்கர். புருஷன் கனகலிங்கம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். வயல் ஒரு துண்டும் கிடையாது. பாலைப்பழமும் தேனும் விற்றுத்தான் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தார். மூத்தவள் புனிதமலர் வவுனியாவுக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தாள்.

அந்த வருடம் றெயில் பாதைச் சிலிப்பர்க் கட்டைக்காக அவரிடம் முப்பது பாலை பேசினேன், மரம் இருபது ரூபாப்படி. மரத்தை நானே தெரிந்தெடுத்தேன். வெட்டுகிற கிழமை இளைய பிள்ளைக்குச் சுகமில்லை. அக்கா காட்டுப் பக்கம் வரவில்லை. விழுந்த முப்பதில் ஐந்து உள்ளே பொந்து. பொந்து மரத்தை ஏற்றுவதுமில்லை, அதற்குக் காசு கொடுப்பதுமில்லை. எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம், நட்டம் காட்டுக்காரருக்கு. ஐந்தையும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஐந்நூறு ரூபா அனுப்பினேன்.

பத்தாம் நாள் அக்கா மரக்காலைக்கு வந்தார்.

"முதலாளி, மிச்சம் அஞ்சு மரத்தின்ர காசு?"

"பொந்துக்கு ஆரக்கா காசு குடுக்கிறது? உள்ளுக்கு இருந்தது காத்து. காத்தை நான் விலைக்கு வாங்கிறதில்லை."

வேலையாட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"காத்தில்லை, தேன். அஞ்சிலயும் தேன்பூச்சி இருந்தது. அந்தத் தேன் காசிலதான் என்ர பிள்ளை பஸ் ஏறினவள். சிலிப்பருக்கு உதவாத மரத்தை நீங்கள் தொடமாட்டியள் எண்டு நம்பினன்."

"வெட்டாமல் பொந்து எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்த பள்ளித் தவணையில் புனிதமலர் படிப்பை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். கேட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அந்த மாரிக்குப் பிறகு காட்டு இலாகாக் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர், மாதர் சங்கம் கேட்டுக்கொண்டபடி, ஆறு சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் பாடம் எடுத்தார். சொந்தக் காடு வைத்திருந்த பெண்கள், நாகேஸ்வரி அக்காவோடு சேர்த்து, பதினொரு பேர் போனார்கள். மரத்தின் சுற்றளவை எந்த உயரத்தில் பிடிப்பது, தாரால் எப்படி இலக்கம் போடுவது, தட்டிப் பார்த்துப் பொந்தை எப்படி அறிவது, எதை வெட்டுவது, எதைப் பழத்துக்கும் விதைக்கும் விடுவது என்றெல்லாம் படித்தார்கள். சங்கம் ஒரு அளவு நாடாவும் மரத்தில் துளை போட ஒரு துறப்பணமும் வாங்கி அலுமாரியில் வைத்தது. பதினொரு பேரும் முறைவைத்து எடுத்துப் போனார்கள்.

"பெண்டுகள் மரத்துக்குச் சட்டை தைக்க அளவெடுக்கினம்" என்று தேத்தண்ணீர்க் கடையில் நான்தான் முதலில் சொன்னேன். ஊர் முழுக்கச் சிரித்தது.

அறுபத்தொன்றில் பெரிய ஓடர் வந்தது. மாரிக்கு முன்னர் நானூறு சிலிப்பர். நேரே அந்தப் பதினொரு பேரில் ஒருவரான இராசமலரிடம் போனேன். அந்தப் பக்கத்தில் திறமான பாலை அவரிடம்தான்.

"மரம் இருக்கு முதலாளி. முதல் நாகேசக்காவின்ர கணக்கை முடிச்சுப்போட்டு வாங்கோ."

அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டில் உட்காரக் கதிரைகூடப் போடவில்லை. லொறி இரண்டும் வெறுமனே நின்றன.

கோபத்தோடு நாகேஸ்வரி அக்காவின் காட்டுக்குப் போனேன். நாடாவும் துறப்பணமும் கணக்குக் கொப்பியுமாக நின்றார்.

"ஊரையே எனக்கெதிராக் கிளப்பிப்போட்டியள், என்ன?"

"நான் ஒருத்தரையும் கிளப்பேல்லை. ஆருக்கு என்ன நட்டம் எண்டு சங்கத்தில கேட்டவை. சொன்னன்."

"படிச்சுப்போட்டியளாம். சரி, இந்த மரத்தைச் சொல்லுங்கோ பாப்பம்." பக்கத்தில் நின்ற பதினாலாம் இலக்கப் பாலையைக் கோடரியின் பின்பக்கப் பிடங்கால் தட்டினேன். "உள்ளெல்லாம் கட்டி மரம். எட்டுச் சிலிப்பர் வரும்."

அவர் கோடரியை வாங்கி நாலு பக்கமும் தட்டினார். மேற்குப் பக்கத்தில் காதை வைத்து இரண்டு தரம் தட்டினார்.

"பொந்து."

நான் சிரித்தேன். அவர் துறப்பணத்தை என் கையில் தந்தார். முறுக்கினேன். முதல் நாலு விரற்கடை சிவந்த தூள் வந்தது. பிறகு துறப்பணம் பிடியில்லாமல் உள்ளே போனது. இழுத்தபோது கறுத்து ஈரித்த உக்கல் ஒட்டிக்கொண்டு வந்தது. அக்கா மெழுகை உருட்டித் துளையை அடைத்தார். மரம் நின்றது.

முப்பது வருடம் மரம் தட்டிய கை என்னுடையது. அன்று அது பிழைவிட்டது. ஆறு சனிக்கிழமை படித்த கை பிழைவிடவில்லை. இந்த வன்னியில் தொழிலில் என்னை வென்ற ஆள் அவர் ஒருவர்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

திரும்பிப் போகிற வழியில் அந்த ஐந்து பொந்து மரங்களையும் கண்டேன். ஒரு வருட மழையில் கறுத்துக் கிடந்தன. அவர் அவற்றை விறகுக்குக்கூடத் தறிக்கவில்லை. ஒன்றின் பொந்தில் காய்ந்த தேன்வதை துண்டு துண்டாக இருந்தது. 

அடுத்த நாள் காலை அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

"எவ்வளவக்கா?"

அக்கா கொப்பியை விரித்தார். மரத்துக்கு இருபது. ஒரு வருடத் தேன் மரத்துக்கு ஆறு போத்தல், போத்தல் இரண்டரை ரூபாப்படி பதினைந்து. ஐந்து மரத்துக்கும் நூற்றெழுபத்தைந்து. ஒரு சதம் கூட்டவில்லை. வீணாய்ப்போன பள்ளிக்கூட வருடம் கொப்பியில் இருக்கவில்லை.

"புனிதமலர்?"

"தைமாதம் திரும்பப் போவாள். ஒரு வகுப்புப் பின்னுக்கு."

தாள்களை மேசையில் வைக்கப்போனேன்.

"மேசையில வேண்டாம், முதலாளி. கையில எண்ணித் தாங்கோ."

வலது கையை நீட்டினார். உள்ளங்கையில் தாரின் கறை இருந்தது. பத்து ரூபாத் தாள்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தேன். பதினேழு. அதன் மேல் ஓர் ஐந்து ரூபாத் தாள்.