ஹெல்மெட்டுக்குள் போட்ட துண்டுக் கடதாசி

பழைய தோலும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு மணம் இருக்கிறது. அது எங்கே மூக்கில் பட்டாலும் எனக்குப் பதினொரு வயதாகிவிடும். புதுப் பேஸ்போல் கையுறை பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும், அதை இளக்கவென்று கடையில் தனி எண்ணெய் விற்பார்கள், எங்கள் வீட்டில் அம்மாவோ தலைக்கு வைக்கிற போத்தலைச் சரித்து, என் தலைக்குப் பாதி கையுறைக்குப் பாதி என்று தேய்த்துவிடுவார். எதிரணிப் பிள்ளைகள் கிட்ட வந்தால் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டுமே, பலெர்மோ நகரிலேயே மிருதுவான கையுறைகள் எங்களிடம்தான் இருந்தன. ஆட்டத்தில் தோற்றோம், அது வேறு கதை.

வேறு கதை என்ன, அதுதான் கதை. போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் இருந்த தேவாலயத்தின் சிறுவர் அணி எங்களுடையது. இத்தாலியப் பிள்ளைகள் அத்தனை பேரும் கால்பந்துக்குப் போய்விட, மிஞ்சியவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் மன்னார்ப் பிள்ளைகளும்தான். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்களும் மாதாவைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்களும் ஒரே மாதிரித் தோற்றோம். வீட்டுவேலை செய்கிற எங்கள் தாய்தகப்பன்மாருக்கு வியாழன் பின்னேரம்தான் ஓய்வு என்பதால், எங்களுக்குப் பயிற்சியும் வியாழன் பின்னேரமே. பயிற்சியாளர் தெரேசா, பள்ளிக்கூடமொன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. கோபம் வந்தால் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும் குரல்.

அப்பா லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான 'சின்யோரா' அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றைக்கூடத் தவறவிடாத ஒரே தகப்பன் அவர்தான், அதனால் தெரேசா அவரை முதல் பேஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பந்தை அடித்தவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதலில் ஓடிப்போய்த் தொட வேண்டிய இடம் அது. ஓடிவருகிறவரை உற்சாகப்படுத்துவதுதான் அப்பாவின் வேலை. ஆனால் அப்பா ஊரில் பள்ளிக்கூடத்து கிரிக்கெட் அணிக்கு முதலாவதாக இறங்கி, மத்தியானம் வரைக்கும் ஆடாமல் அசையாமல் நின்று பிடித்தவர். "அவுட் ஆகாமல் நிண்டாப் போதும், ரன் தானா வரும்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வசனம். யாராவது ஒரு பிள்ளை பந்தைக் கிட்டத்தில் தட்டிவிட்டால் போதும், அவருக்குள் இருந்த அந்தப் பழைய ஆள் முழித்துக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்திக் கத்துவார்: "நில்லு! நில்லு! ஓடாதை!"

கிரிக்கெட்டில் அது மிகச் சரியான புத்தி. பேஸ்போலில் அடித்தால் ஓடியே ஆக வேண்டும். நின்றால் எதிரணி ஆறுதலாகப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்துவிட்டுச் சிரிக்கும். தெரேசா மறுபக்கத்தில் "கோர்ரி! கோர்ரி!" என்று ஓடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவார், ஆனால் தமிழில் ஒரு பெரிய மனிதர் அதட்டினால் கால் தானாக நின்றுவிடும் வளர்ப்பு எங்களுடையது. தெரேசாவுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் பயந்து நிற்கிறோம் என்றே நினைத்தார். எங்களுக்குக் காரணம் நன்றாகத் தெரியும், ஆனால் அதை யார் போய் அந்த மனிதரிடம் சொல்வது?

அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. முடிந்த அடுத்த வியாழன் தேவாலய மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அம்மாமார் வடையோடு வந்தார்கள். அடுத்த வருடமும் இப்படியே போனால் மைதானத்தைக் கால்பந்துக்காரருக்குக் கொடுத்துவிடப் போவதாகப் பாதிரியார் சொல்லியிருக்கிறார் என்றார் தெரேசா. உடனே ஆளுக்கொரு யோசனை. பெட்டைகளை எடுத்துவிட்டுப் பெடியளை மட்டும் போடுங்கோ என்றார் ஒரு மாமா. அவரது மகன்தான் அந்த சீசனில் அதிகம் பந்தைத் தவறவிட்டவன். உடுப்பின் நிறம் ராசியில்லை என்றார் இன்னொருவர். கடைசியில் தெரேசா ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்து, அணி திருந்த என்ன செய்யலாம் என்று பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம், என்றார்.

நான் எழுதினேன். எனக்கு அந்த அணி அவ்வளவு பிடிக்கும். அப்பாவையும் பிடிக்கும், இருந்தாலும் எழுதினேன்.

துண்டுகளை எடுத்து வாசித்தது யார் தெரியுமா? அப்பாவேதான்! இத்தாலியனில் வாசித்து, அம்மாமாருக்கு விளங்கத் தமிழிலும் சொல்ல வேண்டும் என்று தெரேசா அவரைத்தான் கேட்டார். புது மட்டை வேண்டும், சரி. நல்ல சப்பாத்து வேண்டும், சரி. தெரேசா கத்தக் கூடாது, எல்லோரும் சிரித்தார்கள். நாலாவது என்னுடையது. அப்பா இத்தாலியனில் சத்தமாக வாசித்தார், பாதியில் குரல் இறங்கியது, ஆனாலும் முழுதும் வாசித்தார். பிறகு அம்மாமாரைப் பார்த்து, ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல் தமிழில் சொன்னார்:

"அப்பா முதல் பேஸிலை நிக்கக் கூடாது. அவர் 'நில்லு' எண்டு கத்துறதாலைதான் நாங்கள் தோக்கிறம்."

பெயர் எழுதாதே என்றார்கள், எழுதவில்லை. ஆனால் 'அப்பா' என்று எழுதிய மொக்கு நான். வேறு பிள்ளை என்றால் 'மாமா' என்றல்லவா எழுதியிருக்கும்! மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பா அந்தத் துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தார். எழுதிய கையை முறித்துப் போடலாம் போல இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார். "உனக்கென்ன விசரே? அந்த மனிசனைச் சபையிலை வைச்சு இப்பிடிச் செய்யிறதே?"

"விடும். பிள்ளை சரியாத்தானே எழுதியிருக்கிறாள்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் பேஸ்போலைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை, மைதானத்துக்கும் வரவில்லை.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? குளிர்காலப் பயிற்சியில் பந்தை அடித்துவிட்டு நாங்கள் எல்லோரும் முதல் பேஸைப் பார்த்தோம். அங்கே அப்பா இல்லை. யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று அப்போதும் நின்றுகொண்டே இருந்தோம். தெரேசாவின் 'கோர்ரி' எங்கள் காதில் விழுந்தது, காலுக்குப் போகவில்லை.

அன்று இரவு அப்பா குசினி மேசையில் மண்டரின் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். சியாகுல்லித் தோட்டங்களில் பழம் பிடுங்கும் கூட்டாளி ஒருவர் கொடுத்த பை. நான் போய் முன்னால் இருந்தேன்.

"அப்பா, நீங்கள் வாங்கோ. வந்து 'ஓடு' எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் ஓடுவம்."

"ஓடு எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, பிள்ளை. ஓடி அவுட்டானால்?"

"அவுட்டானால் என்னப்பா, திரும்பவும் முறை வரும்தானே."

அவர் உரித்த பழத்தை மேசையில் வைத்தார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்து, வேலை, 'பெர்மெசோ' என்கிற வதிவிட அனுமதி, வாடகை வீடு எல்லாவற்றிலும் அவுட் ஆகாமல் நின்றாலே போதும் என்று இருந்த மனிதர் அவர். இன்னொரு முறை கிடைக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்பா நாலு மண்டரினை எடுத்து மேசையில் பேஸ்களாக வைத்து, "எங்கை, முதலிலை இருந்து சொல்லு" என்றார்.

புது சீசனின் முதல் ஆட்டத்தில் அப்பா பழைய இடத்தில் நின்றார். நான் அடித்த பந்து நாலு முழம் உருண்டு படுத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவின் கை பழக்கத்தில் மேலே எழும்பியது, வாய் திறந்தது, ஒரு கணம் ஒன்றும் வரவில்லை. பிறகு மைதானமே அதிர, "ஓடு! ஓடு பிள்ளை, ஓடு!" என்று கத்தினார். ஓடினேன் பாருங்கள், பந்து வருவதற்கு முன்பே முதல் பேஸில் கால் வைத்துவிட்டேன். எதிரணி ஏன் சிரிக்கிறது என்று பார்த்தால், கிரிக்கெட் பிள்ளையல்லவா, மட்டையைக் கீழே போடாமல் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்! "இதை ஏன் காவிக்கொண்டு வந்தனி?" என்று கேட்டு அப்பா அதை வாங்கிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த வருடம் மூன்று ஆட்டங்கள் வென்றோம். மீதி எல்லாம் தோல்விதான், ஆனால் ஓடித் தோற்றோம்.

மைதானம் இப்போது வாகனத் தரிப்பிடம். சில வருடங்களில் அணியும் கலைந்தது, தெரேசா வேறு ஊருக்கு மாறிப்போனார், என் கையுறை எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியாது. போன மாதம் 'பெர்மெசோ' புதுப்பிக்க அப்பாவைப் பொலிஸ் தலைமையகமான 'குவெஸ்தூரா'வுக்குக் கூட்டிப்போனேன். அவருடைய பிளாஸ்டிக் உறையில் இருந்த பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்த பெண் அதிகாரி, நாலாக மடித்து மஞ்சளித்த ஒரு துண்டைப் பிரித்து, "இது என்ன?" என்றார். என் பதினொரு வயதுக் கையெழுத்து. "அது மகள் எழுதினது. அதைத் திருப்பித் தாங்கோ, வேறை பிரதி இல்லை" என்றார் அப்பா இத்தாலியனில்.

வெளியே வந்தால் எங்கள் பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது. அப்பாவுக்கு முழங்கால் ஏலாது. உறையை என் கையில் திணித்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்: "ஓடு பிள்ளை, ஓடு! பிடிச்சு வை, நான் பின்னாலை வாறன்!" ஓடினேன், கையில் இருந்ததை இந்த முறையும் கீழே போடாமல்.