பள்ளிக்கூடத்தில் எருக்கு வைத்த டீச்சர்

பாடத்தைக் கரும்பலகையிலேயே முடித்துக்கொள்கிறவர்களுக்கு அறிவியல் ஆசிரியர் வேலையைப் போல நிம்மதியான வேலை வேறு இல்லை. வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி என்றால் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று நாலு படம், நடுவில் அம்புக்குறி, அவ்வளவுதான். பிள்ளைகள் என்னைவிட அழகாக வரைவார்கள். ஒரு நாள் அப்படி வரைந்து முழு மார்க் வாங்கிய பெண்ணே, மதியம் வேலியோரம் போன நிஜப் புழுவைச் செருப்பால் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்கத் தெரியாது. பள்ளியிலேயே வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போடுவது என்று முடிவு செய்தேன்.

எங்களுடையது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், பைபாஸிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒன்றிய நடுநிலைப் பள்ளி. காலையில் தனியார் பள்ளி வேன்கள் தெருத்தெருவாக ஆரன் அடித்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். மிச்சம் இருப்பவர்கள் எங்களிடம் வருவார்கள். எண்ணிக்கை குறைகிறது, மூடிவிடுவார்கள், பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று வருடா வருடம் ஒரு பேச்சு கிளம்பும். அந்தப் பக்கத்துப் பள்ளி பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்கிற ரோட்டைப் பிள்ளைகள் தாண்டிப் போகவேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு செடியாவது வைத்துக் காப்பாற்றப் பார்த்தவர்களுக்கு மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நர்சரிக்காரருக்கு வந்த சந்தேகம்

பூச்செடி மட்டும் வைத்தால் அது பூச்சிகளுக்கு டீக்கடை. குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட்டுக் குடும்பம் நடத்த வேண்டுமானால் புழு தின்கிற இலை வேண்டும், அதுவும் ஒவ்வொரு சாதிப் பூச்சிக்கும் அதற்கென்று உள்ள செடிதான் வேண்டும். ஆரஞ்சு நிறத்தில், றெக்கை நுனியில் கறுப்பும் வெள்ளையுமாக நம் ஊரெல்லாம் பறக்கிற வெந்தய வரியனுக்கு எருக்கு. கறிவேப்பிலைக்கும் நார்த்தைக்கும் கறுப்புப் பூச்சிகள் வரும். இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு, திண்டிவனம் போகும் வழியில் இருந்த ஒரு நர்சரிக்குப் போனேன்.

அவர் எனக்குக் குரோட்டன்ஸ் காட்டினார், காகிதப்பூ காட்டினார், ஒட்டு ரோஜா காட்டினார். தன் செடிகளில் ஒரு புழுவைக் கண்டுபிடித்துவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்தார். புழு வருகிற செடிதான் வேண்டும் என்றேன். நார்த்தையும் கறிவேப்பிலையும் எடுத்துக் கொடுத்தார். எருக்கு இருக்கிறதா என்று கேட்டதும் கையில் இருந்த பூவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, எருக்க கடைல வந்து கேக்கற மொத ஆளு நீதாம்மா. யாரு மேலனா கோவம் இருந்தா பேசித் தீத்துக்கோ."

தலைமையாசிரியரின் பயம்

அவர் சொன்னதன் அர்த்தம் நடுகிற அன்றுதான் உறைத்தது. ஏரிக்கரையிலிருந்து எருக்கங்கன்றுகளை மண்ணோடு தோண்டிவந்து சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் நட்டேன். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் நான் மட்டும்தான் தொடுவது, பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று தண்ணீர் ஊற்றுவது என்று சட்டம் போட்டேன். தலைமையாசிரியர் குணசேகரன் சார் நல்ல மனிதர், யாரையும் அதட்டத் தெரியாதவர். அவர் வந்து எருக்கு விஷமாயிற்றே என்றார். கொடிமரத்தடியில் வரிசையாக நிற்கிற அரளி இதைவிட விஷம் சார், பூ சிவப்பாக இருப்பதால் யாரும் கேட்பதில்லை என்றேன். அரளியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"விஷத்த வுடுங்க ஸ்டெல்லா டீச்சர். இந்த ஊர்ல ஒருத்தன் நாசமா போவணும்னா 'உன் வூட்ல எருக்கு மொளைக்க'ன்னுதான் சாபம் வுடுவாங்க. ஏற்கெனவே மூடறாங்க மூடறாங்கன்னு பேசிக்கினு இருக்கறானுங்க, நாமளே வெச்சு தண்ணி ஊத்தினா நல்லாவா இருக்கும்?"

காக்கா எச்சம்

சத்துணவு சமைக்கும் செல்வி அக்காவுக்கும் எனக்கும் கறிவேப்பிலையால் தகராறு. நான் புழுவுக்கு வைத்தேன், அவர் சாம்பாருக்குப் பறித்தார். கடைசியில் செடியை இரண்டாகப் பிரித்தோம். அடுப்படிப் பக்கக் கிளைகள் அவருக்கு, சுவர்ப் பக்கக் கிளைகள் பூச்சிக்கு. பூச்சிக்குப் பாகப்பிரிவினை தெரியுமா? அவர் பக்கத்திலேயே முட்டையிட்டது. இந்தப் புழு சின்னதாக இருக்கும்போது அசல் காக்கா எச்சம் போலவே இருக்கும், பறவைகள் ஏமாறட்டும் என்று. பறவைகளோடு செல்வி அக்காவும் ஏமாந்தார். ஒரு நாள் ஈரக் கையோடு வகுப்புக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், எச்சம்னு நெனச்சு கழுவி வுட்டா அது சொம்பு மேல ஏறி நடந்துக்கினு போவுது. இனிமே நெசமான எச்சத்த கூட நான் நம்ப மாட்டேன்."

இலையெல்லாம் ஓட்டை

கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வைக்கு வந்தார். அன்று காலையில் குணசேகரன் சார் கெஞ்சாத குறைதான். தின்ற இலைகளையாவது கிள்ளிவிடுங்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்றார். மாட்டேன் என்றேன். வந்தவர் நார்த்தையைப் பார்த்தார், எருக்கைப் பார்த்தார். சல்லடையாக இருந்த இலையைப் பேனாவால் தூக்கிப் பார்த்து, மருந்து அடிக்கவில்லையா என்று கேட்டார். மருந்து அடித்தால் தோட்டம் செத்துவிடும் சார், இது தின்பதற்காகப் போட்ட தோட்டம் என்றேன். மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட புழு ஒன்று அவர் பேனாவுக்குப் பக்கத்தில் நிதானமாக மென்றுகொண்டிருந்தது.  அதிகாரி நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார்.

"அப்ப எல்லா இலையும் முழுசா இருந்தாதான் நீங்க ஃபெயிலு, அப்படித்தானே மேடம்?"

வசந்தாவின் வெட்டரிவாள்

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி வசந்தா. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டு, நாலு ஆடு வளர்த்து, இரண்டு பெண் பிள்ளைகளை எங்களிடம் படிக்க வைக்கிறவர். கோடை விடுமுறையில் நான் ஒரு பயிற்சிக்காக விழுப்புரம் போயிருந்தேன். திரும்பிவந்து பார்த்தால் சத்துணவுக் கூடத்தின் பின்பக்கம் வெறும் தரை. பள்ளி திறக்கும் முன் சுத்தம் செய்கிறோம் என்று குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் வெட்டிக் குவித்திருந்தார். எருக்கைத் தரையோடு வெட்டி, அடிக்கட்டையின் மேல் மண்ணைத் தள்ளி மிதித்திருந்தார். நான் அந்தக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுகை முடிந்ததும் கோபம் வந்தது. நேரே வசந்தா வீட்டுக்குப் போனேன்.

பொதுச் சொத்து, பிள்ளைகள் உழைப்பு, யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று நான் கத்தியதையெல்லாம் அவர் ஆட்டுக்குத் தழை கட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.  கடைசியில் என் முகத்தைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னார். 

"சேக்க வர்றவங்க எருக்க பாத்துட்டு பாழடைஞ்ச ஸ்கூலுன்னு வேனுக்கு போய்டறாங்க மிஸ். மூடினா நீங்க டிரான்ஸ்பர் வாங்கிக்கினு போய்டுவீங்க, எம்பொண்ணுங்கதான் பைபாஸ தாண்டணும்."

ஜன்னல் கம்பி

வசந்தா சொன்னதில் நியாயம் இருந்தது, அதற்காக விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வெட்டிய குவியலில் ஒரு எருக்கங்கிளையில் பச்சைக் கூடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கிளையோடு எடுத்துவந்து ஐந்தாம் வகுப்பு ஜன்னல் கம்பியில் கட்டிவைத்தேன். அடிக்கட்டை மேல் இருந்த மண்ணைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வெட்டுகிறவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. எருக்கு வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஒரு தண்டை வெட்டினால் நாலு தண்டாக வரும். இந்தச் செடியிடம் நான் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல.

பள்ளி திறந்து சில நாட்களில், பிரேயருக்குச் சற்று முன்னால், கூடு கறுத்து, வெடித்து, ஈரத் துணி மாதிரி ஒன்று வெளியே வந்தது. ஐந்தாம் வகுப்பு ஜன்னலில் மொத்தப் பள்ளியும் தொங்கியது. புழுவைத் தேய்த்த பெண்தான் மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தாள். பெல் அடிக்கக் கையை ஓங்கிய உதவி ஆசிரியரை, யாரையும் அதட்டத் தெரியாத குணசேகரன் சார் அதட்டினார்.

"இருய்யா, அடிக்காத. அதுக்கு றெக்க காயட்டும், அப்புறம் பாத்துக்கலாம் பிரேயர."

பிள்ளையாருக்கு முந்தின நாள்

மழைக்குப் பிறகு எருக்கு என் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. குழுக் கூட்டத்தில் அதை வெட்டினால் நான் அந்த இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்துவேன் என்று சொல்லியிருந்தேன். யாரும் வெட்டவில்லை, ஆனால் வசந்தா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் காலையில் பள்ளிக்கு வந்தால், எருக்கு வேலிக்குள் யாரோ குனிந்து நிற்கிறார்கள். வசந்தாதான். கையில் மஞ்சள் பை, பையில் பாதிவரை எருக்கம்பூ. ரோட்டை அகலப்படுத்தும்போது ஓரத்து எருக்கையெல்லாம் வாரிவிட்டார்களாம். பிள்ளையாருக்கு எருக்கமாலை போடாமல் முடியுமா?

எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். விடுவேனா? நான் வேதக்காரி, உங்கள் சாமி வழக்கம் எனக்குத் தெரியாது, ஆகாத செடியை எப்படிச் சாமி கழுத்தில் போடுவீர்கள் என்று கேட்டேன். பூவை எடுத்துக்கொள்ளுங்கள், கூடு தொங்கும் அந்த ஒரு கிளையை மட்டும் தொடாதீர்கள் என்றும் சொன்னேன். கிளையைக் குனிந்து பார்த்தார். அதைச் சுற்றிக்கொண்டுபோய் அடுத்த கிளையில் பறித்தார். போகும்போதுதான் என் கேள்விக்குப் பதில் வந்தது, கொஞ்சமும் அசராமல்.

"சாமிக்கு போட்டா அது மாலை மிஸ். ஆளு இல்லாத வூட்ல மொளைச்சாதான் எருக்கு."

சேர்க்கை ஊர்வலம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி இன்னும் மூடப்படவில்லை. அது எருக்கால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், எருக்கு அதை மூடவைக்கவில்லை என்று மட்டும் சொல்லுவேன். மறு வருடம் சேர்க்கை ஊர்வலம் போனோம். முன்னால் பேனர், பின்னால் தகர டிரம் அடித்துக்கொண்டு பிள்ளைகள், அதன் பின்னால் நாங்கள். பூச்சி வேஷம் போட்ட பிள்ளைகளின் அட்டை றெக்கைகள் வெயிலில் வளைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வாசலிலும் நின்று, காலைச் சாப்பாடு உண்டு, இலவசப் புத்தகம் உண்டு, உங்கள் பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள் என்று கேட்டோம்.

ஒரு வீட்டு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்க்காமலே, எருக்கு முளைத்த பள்ளிக்கூடத்திலா என் பிள்ளையைச் சேர்ப்பேன் என்று கேட்டார். டிரம் நின்றது. பூச்சி வேஷம் போட்ட பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். இந்தக் கேள்விக்காகவே ஒரு வருடமாக நான் பேச்சு தயாரித்து வைத்திருந்தேன். அரளியில் ஆரம்பித்து வாழ்க்கைச் சுழற்சி வரைக்கும் மனப்பாடம். வாயைத் திறந்தேன். அதற்குள் பேனரின் ஒரு கழியைப் பிடித்திருந்த வசந்தா, கழியை என் கையில் திணித்துவிட்டு முன்னால் போனார்.

"மொளைக்கலண்ணா, நாங்க வெச்சிருக்கறோம். நாதியில்லாத எடத்துல தானா வந்தாதான் எருக்கு பாழு. எங்க எருக்குக்கு தெனம் தண்ணி ஊத்த ஸ்கூல் பூரா புள்ளைங்க இருக்குதுங்க, வந்து பாரு."

ஆகவே, பள்ளியில் தோட்டம் போட நினைக்கும் சக ஆசிரியர்களே, ஊரார் சாபத்துக்கு வைத்திருக்கிற செடியிலிருந்தே ஆரம்பியுங்கள், ஆடு, மாடு, அதிகாரி யாரும் அதைக் கொண்டுபோக மாட்டார்கள், பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் மட்டும் கொஞ்சம் சீக்கிரமாகப் பள்ளிக்கு வந்துவிடுங்கள்.